பகலில் தூங்குகிற வீடு

"மாடியில இருக்கற பொண்ணா? அது ஸ்கூலுக்குப் போயிருக்கு" என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் தலையைத் தூக்கவில்லை. "காலையில யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கிட்டு, இந்தக் கடையைத் தாண்டித்தான் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"நான் அந்த ஸ்கூல்லேர்ந்துதான் சார் வரேன்" என்றாள் வந்தவள்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. செருப்பெல்லாம் தெருச் சேறு. டீச்சர் இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளின் வீடு தேடிப் போய், என்ன ஏது என்று விசாரித்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் வேலையாம். இப்படியும் ஒரு உத்தியோகமா என்று இருந்தது எனக்கு. எங்கள் காலத்தில் வராதவனுக்கு முதுகில் நாலு வைப்பார்கள், அத்தோடு சரி.

"நீங்க வேற பொண்ணைச் சொல்றீங்க. நல்லா விசாரிங்க" என்றேன்.

"இந்த வருஷம் அவ வந்த நாளை விரல் விட்டு எண்ணிடலாம் சார். பரீட்சை வரைக்கும் இப்படியே போனா பேரை எடுத்துடுவாங்க. ஒன்பதாவது படிக்கற பொண்ணு. பேரை எடுத்துட்டா திரும்பச் சேர்க்கறது குதிரைக்கொம்பு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"பேச முடியாது. தூங்குவாங்க."

"இந்நேரத்துலயா?"

"இந்நேரத்துலதான்."

மாடியில் இருப்பவளைத் தெருவில் எல்லோரும் லாண்டரியம்மா என்றுதான் சொல்வோம். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ராத்திரி வேலை. ஆஸ்பத்திரித் துணி என்றால் சும்மா இல்லை. ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பட்டது தனி, படாதது தனி என்று பிரிக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு இருக்கிற டிரம்மில் அள்ளிப் போட வேண்டும். ஈரத்தோடு வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற ரோலருக்குள் கொடுக்க வேண்டும். விரல் ஒரு நூல் உள்ளே போனால் போச்சு. விடிந்து வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை இரண்டும் வெளுத்து, தோல் சுருங்கிக் கிடக்கும். தலைமுடியில்கூட பிளீச்சிங் வாடை அடிக்கும். வந்த வேகத்தில் ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

மேலே ஒரே அறை, ஒரே கட்டில். ராத்திரி மகள் படுப்பாள், பகலில் அம்மா படுப்பாள். மகள் எழுந்த சூட்டிலேயே தான் படுப்பதாக அம்மா சொல்லிச் சிரிப்பாள். இருவரும் ஒன்றாக விழித்திருப்பது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் சமைத்து, தலை வாரி, வாய் வார்த்தையாக நாலு பேசிவிட்டு அம்மா கிளம்பிவிடுவாள்.

தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இன்று நேற்று வந்த சட்டம் இல்லை. புருஷன்காரன் ரொட்டி ஃபாக்டரியில் ராத்திரி அடுப்படியில் நின்ற காலத்திலிருந்தே அப்படித்தான். கதவுக் கீலுக்கு என் தையல் மெஷின் எண்ணெயைத்தான் வாங்கிப் போய் ஊற்றுவார்கள். பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் வைப்பார்கள். டிவியில் படம் ஓடும், சத்தம் வராது. அந்த வீட்டில் வளர்ந்த பெண் நடந்தால் தரைக்கே தெரியாது. அதனால் நான் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தேன். "என்னடி பூனை, பால் குடிச்சாச்சா?" என்றால் உதட்டுக்குள் சிரிப்பாள். பேசினாலும் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"பின்பக்கம் படி இருக்கா?" என்று கேட்டாள் குடைக்காரி.

இருக்கிறது. துணி காயப்போடுகிற முற்றத்திலிருந்து ஒரு இரும்புப் படி. மெஷினை விட்டு எழுந்து, அவளோடு நானும் போனேன். சும்மா இருக்க முடியுமா?

மேல்படியில் பூனை உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம், மடியில் பை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளி வழியாக உள்ளே கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. ஆனால் ஓடவில்லை. உதட்டில் விரலை வைத்தாள், அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்டி, எவ்வளவு நாளா இந்தக் கூத்து?" என்று ஆரம்பித்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மெதுவா மாமா. ப்ளீஸ். அம்மா இப்பத்தான் அசந்தாங்க."

குடைக்காரி என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "சார், உங்ககிட்டதான் மெஷின் இருக்கே. கொஞ்ச நேரம் வாயைத் தைச்சு வெச்சுக்கறீங்களா?"

வாய்த் துடுக்குக்காரி. இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குப் பூனை எதுவுமே சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். யாராவது கிண்டல் செய்கிறார்களா? இல்லை. டீச்சர் அடிக்கிறாரா? இல்லை. படிப்பு ஏறவில்லையா? இல்லை. "எவனையாவது பார்க்கப் போறியா?" என்று நான் கேட்டதற்கு இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். நான் ஸ்கூல் போறேன்னு நினைச்சுத்தான் அவங்க நிம்மதியா தூங்கறாங்க."

மறுநாள் காலையில் குடைக்காரி தானே வந்து கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் பார்த்தால் பூனை படியில் இருக்கிறாள். சாப்பாட்டு மணி அடித்ததும் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அதே கதை. இன்னொருத்தியாக இருந்தால் சீ போ என்று விட்டிருப்பாள். இவள் விடவில்லை. ஒரு வார்த்தை அதட்டவும் இல்லை. வந்து பூனைக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வாள். பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்துச் சத்தம் வராமல் உரித்து ஆளுக்குப் பாதியாக்குவாள். இரண்டு பேரும் பேசாமல் தின்பார்கள். எனக்கு வேறு வேலை இல்லையா என்ன, ஆனாலும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் வீட்டில் ஆள் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து முட்டை தின்பதைப் பார்த்தே நாளாகியிருந்தது.

நாலைந்து நாள் கழித்து நல்ல மழை. முற்றமெல்லாம் தண்ணீர். படியில் உட்கார வழியில்லை என்று இரண்டு பேரையும் கடைக்குள் கூப்பிட்டேன். பூனை முதலில் வரமாட்டேன் என்றாள். "அம்மா கூப்பிட்டா இங்கேயே கேட்கும்டி, வா" என்று இழுத்து வந்தேன். டீ போட்டேன். ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தேன். அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். கூரைக்கு மேலேதான் கட்டில்.

"மேல என்ன கேட்குது?" என்றாள் குடைக்காரி.

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேட்கல அக்கா." மேடம் என்பது அக்கா ஆகியிருந்தது. "படியில உட்கார்ந்தாப் போர்வை தெரியும். மேல ஏறும், கீழ இறங்கும். அதைப் பார்த்துட்டே இருப்பேன்."

"அம்மாவுக்கு உடம்பு ஏதாவதா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்காங்க." கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்தாள். "அப்பாவும் நல்லாத்தான் இருந்தாங்க."

அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று சொன்னார்கள். கொடுத்து வைத்த சாவு என்று தெருவே பேசியது, நானும்தான் பேசினேன். அவள் இப்போது சொன்னதுதான் அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போது அம்மாவுக்குப் பகல் வேலை; அவர் போன பிறகுதான் ராத்திரிக்கு மாறினாள். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ராத்திரியெல்லாம் அடுப்பு முன்னால் நின்ற மனுஷன், தூங்கட்டும் என்று இவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்தமில்லாமல் உடை மாற்றினாள். ரொட்டி உறையைத் திறந்தால் மொடமொடக்கும் என்று வெளியே படியில் வைத்துத் திறந்து தின்றாள். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடிக்க, ஓடிப்போய் சன்னலைச் சாத்தினாள். அப்புறம் கட்டில் காலடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அம்மா வந்தாள். "இன்னும் தூங்கறாரா? தூங்கட்டும், பாவம்" என்று வாசலிலிருந்தே குரலைத் தணித்துச் சொன்னாள். இரண்டு பேரும் விளக்குகூடப் போடாமல் சாப்பிட்டார்கள். வேலைக்கு நேரமாகிறதே என்று அம்மா போய்த் தோளைத் தொட்டபோது, உடம்பு விறைத்திருந்தது.

"டாக்டர் மத்தியானத்துக்கு மேல உயிர் போயிருக்கும்னாரு. மேலன்னா எப்பன்னு அவருக்கும் தெரியல. நான் வந்தப்போ உயிரோட இருந்தாரா இல்லையான்னு யாருக்குமே தெரியலக்கா. நான் ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டிருந்தா..."

முடிக்கவில்லை. அழவும் இல்லை. அழுதாலாவது தேவலை என்று இருந்தது. ஏதாவது சொல்லடி, படித்தவள்தானே, அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று குடைக்காரியைப் பார்த்தேன்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கும் தெரியாதுடா" என்றாள். "தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா ஒண்ணு. உங்க வீட்ல பாசம்னா சத்தம் போடாம இருக்கறது. நீ அன்னைக்கு அந்தப் பாசத்தைத்தான் காட்டினே. அது தப்பில்ல."

பூனை அவளையே பார்த்தாள். பொய் சொல்லாத ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்கிற பார்வை. பிறகு ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள் குடைக்காரி. "நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்." பூனை அரை மனதாகத் தலையாட்டினாள். மறுநாள் சாயங்காலம் லாண்டரியம்மா எழுந்து முகம் கழுவியதும் மேலே போனோம். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் வந்து நிற்கிறார்களே என்று அவள் பதறிப்போய் நாற்காலியில் கிடந்த துணியை வாரினாள்.

"உட்காருங்க, உட்காருங்க. என்ன அண்ணே, திடீர்னு? இது யாரு, டீச்சரா? இவ நல்லாப் படிக்கறாளா டீச்சர்? வீட்ல வாயே திறக்க மாட்டா. ஸ்கூல்லயாவது பேசறாளா?"

பூனை வாயைத் திறந்தாள், மூடினாள். குடைக்காரி காத்துக்கொண்டு நின்றாள். உருளைக்கிழங்குத் தண்ணீர் கொதித்து வழிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ ஸ்கூலுக்கே போறதில்லம்மா! நீ செத்துப் போயிடுவியோன்னு பகல் பூரா உன்னைக் காவல் காத்துட்டு உட்கார்ந்திருக்கா!"

குடைக்காரி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். சொல்லிய வாயை என்ன செய்வது?

லாண்டரியம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "யாருக்காகடி நான் கை வெந்து சாகறேன்? உன் படிப்புக்குத்தானே? தினமும் என் பக்கத்துல உட்கார்ந்து வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தியா? நான் என்ன பொணமா?"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவளே திடுக்கிட்டுப் போனாள். அடுப்பை அணைத்தாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"அன்னைக்கு அப்பாவை எழுப்பிப் பார்க்கணும்னு தோணலையாடி?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்வீங்க" என்றாள் பூனை.

"நான்தான் சொன்னேன்." இப்போது திரும்பி, "பால் குடிக்கற வயசுலேர்ந்து நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் குடைக்காரிதான் பேசினாள். பகல் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கேட்டுப் பார்த்தாயிற்று, ஆள் எடுக்கவில்லை என்றாள் லாண்டரியம்மா. அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பூனை என்னைப் பார்த்த பார்வையிலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அவள் கண்தான் சாட்சி. கடைசியில் குடைக்காரியே ஒரு வழி சொன்னாள். பூனை காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் குடைக்காரி அவளை வீட்டுக்குக் கூட்டி வருவாள். சும்மா எட்டிப் பார்க்கக் கூடாது. அம்மாவை எழுப்ப வேண்டும். அம்மா கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும்.

"எழுப்பணுமா?" என்றாள் பூனை, திருடச் சொன்னதுபோல.

"எழுப்புடி" என்றாள் அம்மா. "தட்டி எழுப்பு. உலுக்கு. நான் தூக்கக் கலக்கத்துல திட்டினாலும் காதுல வாங்காதே."

பள்ளிக்கூடத்தில் சும்மா விட்டுவிடவில்லை. இடைவேளையில் ஒரு பிள்ளையை வெளியே விட்டால் நாளைக்கு எல்லாப் பிள்ளையும் கேட்கும் என்று தலைமையாசிரியர் குதித்தாராம். "பொறுப்பு என்னுது, வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள் குடைக்காரி. சொல்லிவிட்டுக் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தானே.

முதல் நாள் இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். பூனை உள்ளே போனாள். நாங்கள் படியில் நின்றோம். சத்தமே இல்லை. இடைவேளை முடிகிற நேரமும் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கை தோளுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது. லாண்டரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறாள்.

பூனை எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "தூங்கறாங்கக்கா" என்றாள். "பாவம்."

அப்புறம் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று பள்ளிக்கூடம் திரும்பவில்லை. குடைக்காரி வற்புறுத்தவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மேலே போய், நடந்ததை லாண்டரியம்மாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "நாளைக்கும் வரச் சொல்லுங்க அண்ணே. வந்துதானே ஆகணும்" என்றாள்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. முற்றம் முழுக்கத் துணி காய்ந்தது. பூனை வந்தாள், செருப்பைக் கழற்றினாள், உள்ளே போனாள். நானும் குடைக்காரியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நான் பெருமூச்சு விடப்போன நேரம், உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பியது. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுச் சன்னலில் ஆள் எட்டிப் பார்த்தது.

"அப்பா! அப்பா, எந்திரிங்க! அப்பா!"

நாங்கள் உள்ளே ஓடினோம். லாண்டரியம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து, கண் சிவந்து, எங்கே இருக்கிறோம் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பூனை இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. "அப்பா, அப்பா."

லாண்டரியம்மா அதைத் திருத்தவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"எந்திரிச்சுட்டேன்" என்றாள். "எந்திரிச்சுட்டேன்மா. பாரு. நீ கூப்பிட்டே, நான் எந்திரிச்சுட்டேன்."

பூனையின் மூச்சு இரைப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியதும் கையை எடுத்துக்கொண்டு, கலைந்த போர்வையை அம்மாவின் காலில் இழுத்துவிட்டாள். "ஸ்கூலுக்கு நேரமாச்சும்மா. நான் போறேன். நீங்க படுங்க" என்றாள், பழைய சின்னக் குரலில்.

"போ. பார்த்துப் போ. நாளைக்கும் வந்து எழுப்பு."

அவளும் குடைக்காரியும் முற்றத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். நான் படியிலேயே நின்றேன். கீழே போக வேண்டும், தைக்க வேண்டியது மலையாகக் கிடந்தது, ஆனால் கால் நகரவில்லை.

"அண்ணே" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் லாண்டரியம்மா. "அவ போயிட்டாளா?"

"தெரு முனையைத் தாண்டிட்டா."

"நல்லாப் பாருங்க. திரும்பி வரலையே?"

"வரலம்மா. போயிட்டா."

அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள். வாயில் துணியை வைத்து அடைக்காமல், கதவைச் சாத்தாமல், வாய்விட்டு, தெருவுக்கே கேட்கிறாற்போல.